ஆயா கதைகளைப் பதிவு செய்வது எப்படி? முதலில் கேள்வியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

என் அப்பாவின் குரல் எங்களிடம் மொத்தம் 11 வினாடிதான் இருக்கிறது. "வரும்போது ஒரு பால் பாக்கெட் வாங்கினு வா, பாப்பாவுக்கு பிஸ்கெட்டும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர், பேச ஆரம்பித்தால் ராத்திரி சோறு ஆறிப்போகும், அப்படிப்பட்ட மனிதரை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து எல்லாவற்றையும் பதிவு செய்யணும் என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருஷம் ஓட்டிவிட்டோம். 2021ல் போய்விட்டார். இருந்த ஒன்றிரண்டு வீடியோவும் ஒரே போனில் இருந்தது, அந்த போன் தண்ணீரில் விழுந்ததோடு அதுவும் போனது.

அம்மா விஷயத்தில் அந்தத் தப்பு நடக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன். அம்மாவை என் பிள்ளைகள் ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள், எங்கள் பக்கம் அப்படித்தான். இந்த நாலைந்து வருஷத்தில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் பாட்டி, தாத்தா, அம்மாச்சி, நானி யார் இருந்தாலும் சரி, பெரிய வித்தியாசம் இருக்காது.

முதல் விஷயம், நீங்கள் கேட்காதீர்கள். நான் கேட்டால் அம்மா, "அதான் உனக்கே தெரியுமே" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார். அதையே என் மகள் கேட்டால் அரை மணி நேரம் போகும். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் பெரியவர்கள் அடியிலிருந்து சொல்லுவார்கள், மில் சங்கு என்றால் என்ன, உலை வைப்பது என்றால் என்ன என்று ஒவ்வொன்றாக. அந்த விளக்கத்தில்தான் நமக்கே தெரியாத விஷயங்கள் வந்து விழும். புளியந்தோப்பில் சின்ன வயசில் வீட்டில் கடிகாரம் கிடையாது, பின்னி மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் அடுப்பு பற்றவைப்பார்களாம். நாற்பத்து மூன்று வயசில் என் மகள் புண்ணியத்தில்தான் அது எனக்குத் தெரிய வந்தது.

கூடவே இன்னொன்று. நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். "அது 73 இல்லைம்மா, 75" என்று ஒரு தடவை சொன்னேன், அதோடு அன்றைக்குப் பேச்சு நின்றுபோனது. வருஷத்தை அப்புறம் சரிபார்த்துக்கொள்ளலாம்.

"ஏதாவது கதை சொல்லு ஆயா" என்று கேட்டாலும் ஒன்றும் வராது. பொதுவாக மனுஷனுக்கு வயசான பிறகு அதிகம் நினைவில் நிற்பது பத்து வயசுக்கும் முப்பது வயசுக்கும் நடுவில் நடந்தவைதான். அதனால் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். என் அம்மா 1954ல் பிறந்தவர், ஆகவே 1964லிருந்து 1984 வரை. அந்தக் காலத்தில் இந்த ஊரில் என்ன நடந்தது என்று யோசித்தால் கேள்வி தானாகக் கிடைக்கும். 1965 மொழிப் போராட்டத்தில் பள்ளிக்கூடம் மூடினார்களா? 1969 பிப்ரவரியில் அண்ணா இறந்தபோது வீட்டிலிருந்து யார் பார்க்கப் போனார்கள்? ஜெமினி மேம்பாலம் 1973ல் திறந்தார்களே, அதில் முதலில் போனது எப்போது? சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ல் வந்தது, தெருவில் முதல் டிவி யார் வீட்டில், உள்ளே விட்டார்களா, ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தீர்களா? 1979ல் ஸ்கைலாப் என்கிற அமெரிக்க விண்வெளி நிலையம் தலையில் விழப்போகிறது என்று ஊரே பயந்ததே, அன்றைக்கு என்ன சமைத்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை என் மகன் விளையாட்டாகத்தான் கேட்டான். "எப்படியும் சாகப்போறோம்னு எங்க நைனா கறி வாங்கியாந்தாரு" என்று ஆயா ஆரம்பித்தார், அன்றைக்கு வந்த பதிவுதான் இதுவரைக்கும் எங்களிடம் இருப்பதிலேயே நீளமானது.

உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தால் சென்னை டிராம் பற்றிக் கேளுங்கள். அது 1953ல் நின்றுபோனது, ஏறிப் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் நாளைக்கு இருப்பார்களா என்று சொல்ல முடியாது.

அடுத்தது, கையில் ஏதாவது கொடுங்கள். கேள்வியை விட பொருளுக்குச் சக்தி அதிகம். பழைய ரேஷன் கார்டு, பித்தளைக் குடம், மசாலா அரைத்த அம்மிக்கல், எம்ப்ளாய்மெண்ட் அட்டை, எதுவானாலும். எங்கள் வீட்டில் பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்தோம், கழுத்தில் சிவப்பு பெயின்ட்டில் ஒரு புள்ளி. அது ஏன் என்று பையன் கேட்டான். தெருவில் மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் எல்லார் குடமும் ஒரே நிறம், அடையாளத்துக்கு வைத்த புள்ளி. அங்கிருந்து அடிபம்பு, விடியற்காலை மூன்று மணி வரிசை, அந்த வரிசையில் கிடைத்த சிநேகிதிகள் என்று போய்க்கொண்டே இருந்தது. என் மகளுக்கு 2019ல் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது ஞாபகம் இருக்கிறது, அதை அவள் சொல்ல, ஆயா கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் சொல்லட்டும். ஒரு பக்கமே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

நடக்க முடிந்தவர் என்றால் வெளியே கூட்டிப் போங்கள். நாங்கள் பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் பக்கத்தில் இறங்கினோம், அந்த நிலையத்தின் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். "மார்க்கெட் எங்க ஆயா?" என்று பையன் கேட்க, "நாம நிக்கிற இடந்தான்டா" என்றார். 1985 மே மாசம் அது எரிந்தது, பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, புறா, கிளி எல்லாம் விற்ற இடம். பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலைக்கு அந்தக் காலத்தில் உயிர் காலேஜ் என்று பேர், அதுவும் அதே 1985ல் வண்டலூருக்குப் போய்விட்டது. எழும்பூர் மியூசியம்தான் செத்த காலேஜ். இந்த இரண்டு பேரையும் கேட்டு என் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! செத்த காலேஜ் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, போவதானால் வெள்ளிக்கிழமை தவிர்த்துப் போங்கள், அன்றைக்கு விடுமுறை. வெயில் ஏறுவதற்கு முன் போய்விட்டு வந்துவிடுங்கள், முட்டி வலி இருப்பவர்களை ஒரே நாளில் இரண்டு இடத்துக்கு இழுக்க வேண்டாம்.

இப்போது பதிவு செய்யும் விஷயம். போனில் இருக்கிற வாய்ஸ் ரெக்கார்டரே போதும், மைக் எல்லாம் வாங்க வேண்டாம். கேமராவைப் பார்த்தாலே என் அம்மா முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி பேசுவார், அதனால் முதல் சில வாரம் குரல் மட்டும் எடுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவர் வாய்க்கு ஓர் அடி தூரத்தில் வையுங்கள், வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம் இடி மாதிரி கேட்கும். பெரிய எதிரி ஃபேன்தான். சென்னையில் ஃபேனை நிறுத்தினால் பத்து நிமிஷம் தாங்காது, தெரியும், ஆகவே வேகத்தைக் குறைத்து, போனை ஃபேனுக்கு நேர் கீழே வைக்காமல் தள்ளி வையுங்கள். சாயங்காலம் நாலு மணி, தூங்கி எழுந்து டீ குடித்த பிறகு, நல்ல நேரம். குக்கர் சத்தம் இருக்காது, சீரியலும் ஆரம்பித்திருக்காது. அரை மணிக்கு மேல் வேண்டாம். காது கொஞ்சம் மந்தம் என்றால் நன்றாகக் கேட்கிற காதுப் பக்கம் பிள்ளையை முகம் தெரியும்படி உட்கார வையுங்கள், கத்தத் தேவை இல்லை.

முடித்த அன்றைக்கே கோப்புக்குத் தேதியும் பெயரும் போடுங்கள், "ஆயா ஸ்கைலாப்" என்றிருந்தால் போதும். மூன்று இடத்தில் வையுங்கள், போன் ஒன்று, பென் டிரைவ் ஒன்று, கூகுள் டிரைவ் மாதிரி ஒன்று. அப்பாவின் வீடியோக்கள் போன கதைதான் மேலே சொன்னேனே.

போட்டோவுக்குக் கொஞ்சம் கவனம் வேண்டும். பின்பக்கம் பேர் எழுதும்போது பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மென்மையான பென்சிலில் ஓரமாக எழுதுங்கள். லாமினேட் செய்யவே செய்யாதீர்கள், திரும்பப் பிரிக்க முடியாது. சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடு சேர்த்தே போனில் படம் எடுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஆல்பம் சுவரோடு ஒட்டின அலமாரியில் இருந்தால் பூசணம் பிடிக்கும், அதையும் பாருங்கள். அப்புறம், படத்தில் இருக்கிற எல்லார் பேரையும் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். என் அம்மாவின் கல்யாணப் படத்தில் ஓரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தர் யார் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, தெரிந்திருந்தவர் அப்பா மட்டும்தான்.

சமையலுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஆயா எதற்கும் அளவு சொல்ல மாட்டார், "கண்ணால பாத்துப் போடுறதுதான்" என்பார். கருவாட்டுக் குழம்புக்கு அவர் புளி, மிளகாய்த் தூள், உப்பு கையில் அள்ளியதும், சட்டியில் போடுமுன் பிள்ளை ஒரு கிண்ணத்தை நீட்டட்டும், அதில் போட்டு ஸ்பூனால் அளந்து எழுதிக்கொண்டு அப்புறம் சட்டிக்குப் போகட்டும். எங்கள் வீட்டில் பையன்தான் கிண்ணக்காரன். நாலு தடவை செய்தால் அளவு பிடிபட்டுவிடும்.

மறதி நோய் ஆரம்பித்தவர்கள் வீட்டில் இருந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. "ஞாபகம் இருக்கா? நான் யாரு சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள், தெரியாமல் போனால் அவர்கள் படும் அவமானம் நமக்குப் புரியாது. "நான் உன் பேத்தி, உனக்கு மல்லிப்பூ கொண்டுவந்திருக்கேன்" என்று நாமே சொல்லி ஆரம்பிக்கலாம். பூ வாசனை, வெற்றிலை, அந்தக் காலத்துப் பாட்டு, இவையெல்லாம் கேள்வியால் திறக்காததைத் திறக்கும். ஒன்றும் பேசாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டினால் போதும்.

சில கதைகள் வலிக்கும். பட்டினி, இறந்துபோன குழந்தை, சாதி பேரைச் சொல்லித் திண்ணையில் ஏறவிடாத வீடு. அப்படி வந்தால் ரெக்கார்டரை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். யார் யார் கேட்கலாம் என்றும் அவரையே கேளுங்கள். ஆயா சொன்ன ஒரு விஷயத்தைக் கேட்காமல் குடும்பக் குரூப்பில் போட்டேன், அதற்கு அவர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அவர் கோபம் நியாயம்தான். அவர் கதை அவருடையது.

பேரப்பிள்ளை பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருந்தால் வீடியோ காலில் "சாப்டியா, என்ன படிக்கிற" என்பதோடு முடிந்துவிடும். வாரத்துக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரம் பாட்டி ஒன்றைக் காட்டணும், மறுவாரம் பிள்ளை ஒன்றைக் காட்டணும். தமிழ் தடுமாறினால் தடுமாறட்டும், கூட இருக்கிற பெரியவர்கள் மொழிபெயர்க்க ஓடி வராமல் இருந்தால் இரண்டு பேருமே வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

பதிவு செய்ததை அவர்களுக்கே போட்டுக் காட்டவும் மறக்காதீர்கள். போன தடவை ஸ்பீக்கரில் போட்டேன். ஆயா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது என் குரலா? எங்கம்மா பேசுற மாதிரி இல்ல இருக்குது" என்றார். என் மகள் பாட்டை நிறுத்துவது போல் அதை நிறுத்திவிட்டு, போனை எடுத்து, புதுசாக ரெக்கார்ட் பட்டனை அழுத்தி, துண்டின் மேல் வைத்தாள். "உங்கம்மா எப்படிப் பேசுவாங்க ஆயா?"