'டிரான்ஸ்லேஷன்': எங்கே எதை எழுதுவது

தமிழாக்க வேண்டிய ஆங்கிலப் பிரதியில் 'டிரான்ஸ்லேஷன்' (translation) என்ற சொல்லைக் கண்டதும் 'மொழிபெயர்ப்பு' என்று எழுதிவிடாதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு வரி படித்தாலே துறை தெரிந்துவிடும்.

திசையன், சுழற்சி, ஆயத்தொலைவு ஆகியவை தென்பட்டால் அது வடிவியல். 'நகர்த்தல்' போதும். (3, −2) நகர்த்தலில் (1, 4) என்ற புள்ளி (4, 2)க்குப் போகும். உருவம் திரும்பாது, அளவும் மாறாது. 'இடப்பெயர்ச்சி' என்று எழுதினால் இயற்பியல் மாணவர் அதை வேறு கருத்தாகப் புரிந்துகொள்வார்.

ரைபோசோம் (செல்லில் புரதம் கோக்கும் அமைப்பு), எம்ஆர்என்ஏ (புரதத்துக்கான செய்தியைத் தாங்கும் ஆர்என்ஏ) வந்தால் புரதம் உருவாகும் கட்டம். இங்கே 'மொழிபெயர்த்தல்' சரியே, ஆனால் முதல் முறை 'புரத உருவாக்கம்' என்று விளக்கிவிடுங்கள். அதிகம் நேரும் பிழை, இதை டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ உருவாகும் 'படியெடுத்தலோடு' குழப்புவது. எம்ஆர்என்ஏ மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்பட்டு அமினோ அமிலங்கள் கோக்கப்படுகின்றன என்றால் மொழிபெயர்த்தல்தான்.

ரவுட்டர், ஐபி என்றால் 'முகவரி மாற்றம்'. வேறு யோசனை வேண்டாம்.

ஏமாற்றுவது திருச்சபை வரலாறுதான். ஆயர் ஒருவரைப் பற்றி வந்தால் வேறு மறைமாவட்டத்துக்கு மாற்றம். புனிதரைப் பற்றி வந்தால் திருப்பண்டங்களை, அதாவது அவரது உடல் எச்சங்களை, வேறிடம் கொண்டுசேர்த்தல். கத்தோலிக்கர் ஜூலை 3 அன்று கொண்டாடும் புனித தோமா திருநாள், அவர் திருப்பண்டங்கள் எடெசா நகருக்குக் கொண்டுபோகப்பட்டதை நினைவுகூர்ந்த நாள். அங்கே 'தோமாவின் மொழிபெயர்ப்பு' என்று எழுதினால், அவர் கல்லறை உள்ள மயிலாப்பூரில் சிரிப்பார்கள்.