கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான்: பின்னை இழுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மின் பேனல் அறை வாசலில் மாட்டியிருக்கும் சிவப்புச் சிலிண்டரில் கறுப்புப் புனல் இருக்கிறது, பிரஷர் மீட்டர் இல்லை என்றால் அது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு வகைதான். மீட்டர் வைத்தும் பயனில்லை. உள்ளே வாயு அழுத்தத்தால் திரவமாகி இருக்கிறது; 20 டிகிரியில் அழுத்தம் சுமார் 57 பார். பாதி கசிந்து போனாலும், கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை முள் அதே 57-இல்தான் நிற்கும். 31 டிகிரியைத் தாண்டினால் திரவமாகவே இருக்காது, அழுத்தம் மளமளவென்று ஏறும். சென்னையின் மே மாதத்தில் மீட்டர் என்ன காட்டினாலும் நம்ப முடியாது.

அதனால் தராசில் வையுங்கள். மொத்த எடையிலிருந்து, சிலிண்டரில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழியுங்கள். (ஹோஸும் புனலும் அதில் சேர்த்தியா என்று லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.) 4.5 கிலோ சிலிண்டரில் 450 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் ரீஃபில்லுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

தீப்பிடித்தால்:

1. முடிந்தால் முதலில் மெயினை அணையுங்கள். யுபிஎஸ் இருந்தால் அதையும். இந்த வாயு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தால் அணைந்த இடமே மறுபடி பற்றும்.

2. வாசல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். சீலை அறுத்துப் பின்னை இழுங்கள். லீவரை அழுத்திக்கொண்டே இழுத்தால் பின் இறுகிக்கொள்ளும். பதற்றத்தில் கை தானாகவே அழுத்தத்தான் பார்க்கும்.

3. சிலிண்டரை நிமிர்த்தியே பிடியுங்கள். உள்ளே ஒரு குழாய் அடிவரை இறங்கித் திரவத்தை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. சாய்த்தால் வெறும் வாயுதான் வரும், வேகம் போய்விடும்.

4. புனலின் கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். வெளியே வரும் திரவம் விரிந்து குளிர்ந்து, ஒரு பகுதி மைனஸ் 78 டிகிரி பனித்தூளாகிவிடும். புனலை வெறுங்கையால் பிடித்தால் தோல் வெந்ததுபோல் புண்ணாகும்.

5. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, தீயின் அடியைக் குறிவைத்து, இடவலமாக வீசுங்கள். அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும், வீணாக்காதீர்கள்.

இது தீயைச் சூழ்ந்த ஆக்சிஜனை விரட்டுகிறதே தவிர, சூட்டைப் பெரிதாகத் தணிப்பதில்லை. வாயு கலைந்ததும் பஞ்சு, பேப்பர், மரத்துக்குள் இருக்கும் கங்கு திரும்பப் பற்றும். எண்ணெய்ச் சட்டியில் அடித்தால் வீச்சில் எரியும் எண்ணெய் தெறிக்கும். மெக்னீசியம் இந்த வாயுவிலேயே எரியும்.

சிறிய அறையில்தான் நிஜமான ஆபத்து. 4.5 கிலோ வாயு விரிந்தால் ஏறக்குறைய 2.4 கன மீட்டர். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரமுள்ள மூடிய சர்வர் அறையில் அது சுமார் 10 சதவீதம்; ஆளை மயக்கத்தில் தள்ள அவ்வளவு போதும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தங்கும். தீ அணைந்ததும் குனிந்து கருகிய வயரை ஆராயாமல் வெளியே வாருங்கள். கதவைத் திறந்து, காற்றோட்டம் வந்த பிறகே உள்ளே போகலாம்.