ஆணுறை இல்லாமல் உறவு, இப்போது எச்.ஐ.வி பயம்: என்ன செய்வது?

முதல் வேலை, மணிக்கணக்கு. உறவு நடந்த தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். இனி எல்லாம் அந்த வரியை வைத்துத்தான்.

72 மணி நேரம் தாண்டவில்லையா? மீதியை அப்புறம் படிக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அங்கே கேட்க வேண்டியது பெப். வைரஸ் உடலில் காலூன்றும் முன் தடுக்கும் மாத்திரைகள், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். 70ஆவது மணியைவிட 7ஆவது மணி எவ்வளவோ மேல், அதனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எப்படிச் சொல்வது என்று கூச்சமா? "நேற்று இரவு பதினொரு மணிக்கு ஆணுறை இல்லாமல் உறவு, எனக்கு பெப் தேவையா?" இவ்வளவு போதும். கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கர்ப்ப பயமும் இருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரையையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

72 தாண்டிவிட்டதா? சரி, இனி பரிசோதனைதான். மூன்றாம் நாளே ரத்தம் கொடுத்து நெகட்டிவ் என்று நிம்மதியடைவதில் பயனில்லை. பி24 என்ற வைரஸ் புரதமும், உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியும் ரத்தத்தில் அகப்படும் அளவுக்குச் சேர நாளாகும். அதுதான் விண்டோ பீரியட். நரம்பில் ரத்தம் எடுத்து இந்த இரண்டையும் லேபில் தேடும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை 18 முதல் 45 நாளுக்குள் காட்டிவிடும். வீட்டில் செய்யும் கிட் என்றால் 90 நாள் வரை பொறுக்க வேண்டும். பெப் எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவர் குறித்துத் தரும் தேதிதான். உறவால் பரவும் மற்ற தொற்றுகளான சிபிலிஸ், கொனோரியா, ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைகளையும் அப்போதே கேளுங்கள். எச்.ஐ.வி பயத்தில் இவற்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கஷ்டமே இந்தக் காத்திருப்புதான். கண்ணாடி முன் நின்று போன் டார்ச் அடித்து நாக்கைப் பார்ப்பீர்கள். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்துவீர்கள். நாளுக்கு இருபது முறை அழுத்தினால் எந்தக் கழுத்தும் வலிக்கும். தொற்றினால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு வரலாம். சாதாரண ஃப்ளூவும் அப்படித்தான் இருக்கும், சிலருக்கு ஒன்றுமே வராது. காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள், நீங்களே தீர்ப்பெழுத வேண்டாம்.

கணக்கும் கொஞ்சம் தைரியம் தரும். மருந்து எடுக்காத எச்.ஐ.வி உள்ளவரோடு ஒரு முறை யோனிவழி உறவு என்றால், தொற்றும் வாய்ப்பு பெண்ணுக்கு 10,000இல் சுமார் 8, ஆணுக்கு 4. ஆசனவாய் வழியில் ஏற்பவருக்கு 138. எச்.ஐ.வி உள்ளவர் மருந்து எடுத்து வைரஸ் கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து இருந்தால், உறவால் தொற்றாது. ஆனால் "ஆள் நன்றாகத்தான் இருந்தார்" என்பது கணக்கில் சேராது.

முடிவு வரும்வரை ஆணுறை கட்டாயம், ரத்த தானம் கூடாது. பாசிட்டிவ் வந்தால் உறுதிப்படுத்தும் பரிசோதனை, உடனே சிகிச்சை. தினமும் மாத்திரை எடுத்துக்கொண்டு மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழ்கிறார்கள். உரிய நாள் கடந்தபின் நெகட்டிவ் வந்தால் அது நெகட்டிவ்தான். அதற்குப் பிறகும் இன்னொரு லேபைத் தேடிக் கால் போனால், பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை.