பழைய சின்னக் காரில் இனந்தெரியாத சத்தம் வந்தால் எங்கே தேடுவது

போன மாரி முடிந்த கையோடு என் மாருதி 800 புதிதாக ஒரு சத்தம் போடத் தொடங்கியது. மாங்குளம் தாண்டி ஏ9 வீதியில் 50 ஐத் தொட்டதும் தூரத்தில் உழவு இயந்திரம் வருகிற மாதிரி ஓர் இரைச்சல், 60 இல் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே கேட்காது. காட்டிய இடத்தில் முன் பெயாரிங் (சில்லு சுழல உதவும் குண்டு வளையம்) என்றார்கள். நானும் வவுனியாவுக்குப் போய் இரண்டு பக்கத்துக்கும் வாங்கிவந்து மாற்றினேன், சத்தம் அப்படியே இருந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பின் இடது ரயரின் தரையில் படும் முகம் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறது. காசு போனதை விட அந்த அலைச்சல்தான் எனக்கு வலித்தது. புதுக்குடியிருப்பிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவர் ஒரு சாமானைப் பிழையாக வாங்கினால் அதை மாற்ற இன்னொரு நாள் வேலையை விடவேண்டும்.

அதனால் சாமான் வாங்க முதல் ஒரு விஷயத்தைக் கண்டுபிடியுங்கள்: சத்தம் எதைப் பின்தொடர்ந்து வருகிறது? சில்லின் வேகத்தையா, எஞ்சினையா, ஸ்ரியரிங் திருப்புவதையா, கிடங்கில் விழுவதையா? இது தெரிந்தால் பாதிக் காருக்கு மேல் தேடவே தேவையில்லை.

முதலில் காரை வெறுமையாக்குங்கள். கார் தூக்கும் ஜக், ஸ்பனர், தண்ணீர்ப் போத்தல், சீற்றுக்குக் கீழே கிடக்கும் சில்லறை, எல்லாவற்றையும் இறக்கிவையுங்கள். ஸ்பெயர் சில்லு ஆடாமல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நான்கு சில்லின் நட்டுகளையும் ஸ்பனர் போட்டு இறுக்கிப் பாருங்கள். அண்மையில் ஒட்டுப்போட்ட சில்லு என்றால் கட்டாயம் பாருங்கள், தளர்ந்த நட்டு டக் டக் என்று அடிக்கும், அதோடு ஓடினால் சில்லே கழன்றுவிடும்.

அடுத்தது நியூட்ரல் சோதனை. கார்ப்பெட் (வழவழப்பான தார்) போட்ட நேரான வீதி வேண்டும், எங்கள் பக்கத்தில் ஏ9 நல்லது. வாகனம் குறைந்த காலை நேரமாகப் பாருங்கள், ஆனால் நல்ல வெளிச்சம் வந்த பிறகு போங்கள், விடியப்புறம் மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும். சத்தம் வரும் வேகத்துக்குப் போய், பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு கிளச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். திறப்பை ஒருபோதும் நிறுத்தாதீர்கள், ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்கும் கல்லு மாதிரி இறுகும். எஞ்சின் வேகம் இறங்கியும் சத்தம் மாறாமல் வந்தால் அது ரயர், பெயாரிங், பிரேக் பக்கத்துச் சத்தம். எஞ்சினோடு சேர்ந்து இறங்கினால் நிறுத்திவைத்து ரேஸ் பண்ணினாலும் பெரும்பாலும் கேட்கும். சைலன்சர் பிடிக்கும் றபர், அதன் மேலுள்ள துருப்பிடித்த தகடு, எஞ்சின் மவுண்ட், பெல்ற் என்று பொனற்றைத் திறந்து தேடலாம். கியரில் இழுக்கும்போது மட்டும் வந்து, நியூட்ரலில் நின்று, நிறுத்தி ரேஸ் பண்ணும்போதும் வராவிட்டால் கியர் பெட்டி, டிரைவ் ஷாஃப்ட் (கியர் பெட்டியிலிருந்து முன் சில்லைச் சுற்றும் தண்டு) பக்கம் பாருங்கள்.

தட்டுகிற சத்தமென்றால் எண்ணிப் பாருங்கள். 12 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.6 மீற்றர் போகும், ஆகவே 20 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு மூன்று நான்கு தரம் சுற்றும். மெதுவாக இயங்கும் எஞ்சின்கூட அதே நேரத்தில் பதின்மூன்று பதினைந்து தரம் சுற்றிவிடும், அதை வாயால் எண்ண முடியாது. எண்ணக்கூடிய டக், டக் என்றால் சில்லோடு சுற்றும் ஏதோ ஒன்று. ரயரில் ஏறிய ஆணியாகவோ, இடுக்கில் செருகிய கல்லாகவோகூட இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

என்னை ஏமாற்றியது ரயருக்கும் பெயாரிங்குக்கும் உள்ள ஒற்றுமை. இரண்டும் இரையும், இரண்டும் வேகத்தோடு கூடும். ஆனால் வீதி மாறும்போது ரயரின் குரல் மாறும். கார்ப்பெட்டில் ஒரு மாதிரி, பழைய கரடுமுரடான தாரில் வேறு மாதிரி. பெயாரிங் எந்த வீதியிலும் ஒரே குரலில் முனகும். சந்தேகம் தீராவிட்டால் முன் சில்லைப் பின்னுக்கும் பின் சில்லை முன்னுக்கும் மாற்றிப் போட்டு அதே இடத்தில் ஓட்டுங்கள். சத்தம் இடம் மாறினாலோ குரல் மாறினாலோ ரயர்தான். ஒரு சதம் செலவில்லை, ஒரு மணித்தியாலம் போதும். நான் இதை முதலே செய்திருக்கவேண்டும்.

பெயாரிங் எந்தப் பக்கம் என்று அறிய, அகலமான வெறும் இடத்தில் 40 இல் மெதுவாக இடமும் வலமுமாக வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பும்போது பாரம் வலச் சில்லில் ஏறும், அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலது. மதில் அல்லது மதவுக் கட்டுக்குப் பக்கமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போனாலும் அந்தப் பக்கத்துச் சத்தம் சுவரில் பட்டுக் காதுக்கு வரும்.

பிறகு ஜக் அடியுங்கள். எங்கள் வளவுகளில் மணல், மழை பெய்தால் சேறு, ஜக் சாய்ந்து புதையும், அதனால் அடியில் தடித்த பலகை வையுங்கள். மற்றச் சில்லுகளுக்குக் கல் முட்டுக்கொடுங்கள், தூக்கிய பக்கத்தில் பாரம் தாங்கும் ஸ்ராண்ட் வையுங்கள். வெறும் ஜக்கை நம்பி ஒரு கையைக்கூடக் காருக்குக் கீழே விடவேண்டாம், உயிர் போன கதைகள் உண்டு. இனிச் சில்லின் மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ற் (சில்லைத் தாங்கும் உருண்டை மூட்டு). இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்ரியரிங் கம்பியின் நுனி. கடைசியாக ஒரு கையால் சுருள் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டு மற்றக் கையால் சில்லைச் சுற்றுங்கள். பெயாரிங் கெட்டிருந்தால் அரிசியில் கல் அரைபடுகிற மாதிரி ஓர் அதிர்வு விரலுக்குத் தெரியும், காதை விட விரல் முந்திச் சொல்லும்.

கிரவல் வீதியில் ஓடுபவர்களுக்கு இன்னொன்று. திடீரென்று கீச்சென்ற இரும்புச் சத்தம் வந்தால் பிரேக் டிஸ்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் இடையில் சின்னக் கல் சிக்கியிருக்கலாம். கொஞ்சம் பின்னுக்கு எடுத்து ஓட்டினால் சில நேரம் தானாக விழும், இல்லாவிட்டால் சில்லைக் கழற்றித் தகட்டை மெல்ல வளைத்து எடுக்கலாம். கல் இல்லை, பிரேக் மிதிக்கும்போது உராய்கிறது என்றால் பிரேக் பாட் (டிஸ்கை அழுத்தும் கட்டை) தேய்ந்து முடிந்திருக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

முழுதாகத் திருப்பி எடுக்கும்போது டிக் டிக் என்று அடித்தால் டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜொயின்ற். அதன் றபர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கும், பார்த்தவுடன் தெரியும். உறை மட்டும் கிழிந்து சத்தம் இன்னும் வராவிட்டால் உடனே மாற்றுங்கள், ஜொயின்ற் தப்பும்.

மாரியில் வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடும்போது சில்லின் நடு மட்டத்துக்குத் தண்ணீரில் இறங்கியிருந்தால் அதை நினைவில் வையுங்கள். ஓடிச் சூடான பெயாரிங் தண்ணீரில் குளிரும்போது ஈரத்தை உள்ளே இழுக்கும், கிரீஸ் கெட்டு இரைச்சல் தொடங்குவது சில வாரங்கள் கழித்துத்தான். வட்டுவாகல் பக்கத்து உவர்த் தண்ணீர் இன்னும் மோசம், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவிவிடுங்கள்.

சில்லில் ஆட்டம் தெரிந்தாலோ முனகல் அரைபடும் சத்தமாக மாறினாலோ அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், மெக்கானிக்கைக் கூட்டிவாருங்கள். "அண்ணை, கார் சத்தம் போடுது" என்பதோடு நிறுத்தாமல் "முன் இடது, 40 க்கு மேலே, வலப்பக்கம் திருப்பினால் கூடுது, நியூட்ரலிலும் வருது, சில்லு மாற்றிப் போட்டும் போகேல்லை" என்று சொல்லுங்கள், அவருக்கும் தேடுவது சுகம். வேலை முடிந்ததும் முதலில் சத்தம் கேட்ட அதே வீதியில் அதே வேகத்தில் அவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். கழற்றிப் பூட்டிய சில்லின் நட்டுகளை 50 கிலோமீற்றர் ஓடிய பிறகு இன்னொரு தரம் இறுக்குங்கள்.