ஆய்வு மானியக் கோப்பைக் கையாளப் புதிய பணியாளரைப் பழக்குவது எப்படி?

பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டப் பிரிவுக்கு மாறுதலாகி வரும் உதவியாளர் பெரும்பாலும் தேர்வுப் பிரிவிலிருந்தோ பணியமைப்புப் பிரிவிலிருந்தோ வருகிறார். வந்த முதல் நாளே அவர் மேசையில் முப்பது கோப்புகள் அடுக்கப்படுகின்றன. ஒரு மானியம் எப்படி வருகிறது, எப்படிக் கணக்கு முடிகிறது என்பதை எவரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. இப்பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், அப்படி வருபவரைப் பழக்குவதற்கு நான் கடைப்பிடித்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதல் வாரம் முழுவதையும் நிதி ஒப்பளிப்பு ஆணையை, அதாவது மானியம் தரும் அமைப்பு திட்டத்துக்கு நிதி ஒதுக்கி அனுப்பும் ஆணையை, வாசிப்பதற்கே ஒதுக்குங்கள். ஆணையில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் சேர்ப்பதுதான் நம் அலுவலகங்களின் வழக்கம். ஆனால் திட்டம் தொடங்கும் நாள், கருவிகளுக்கான தொகை, ஆய்வாளர் ஊதியம், நுகர்பொருள், பயணம், நிறுவன மேற்செலவு என ஒவ்வொரு தலைப்பிலும் உள்ள ஒதுக்கீடு, ஒரு தலைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற யார் அனுமதி வேண்டும் என்பது ஆகிய அனைத்தும் அந்த இரண்டு மூன்று பக்கங்களுக்குள்ளும் அதனுடன் வரும் நிபந்தனைகளுக்குள்ளும்தான் இருக்கின்றன. இவற்றைப் புதியவர் தம் கையால் ஒரே பக்கக் குறிப்பாக எழுதிக் கோப்பின் முகப்பில் ஒட்ட வேண்டும். திட்டத்தை நடத்தும் பேராசிரியரான முதன்மை ஆய்வாளர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பக்கமே விடை சொல்லும்.

கொள்முதலில் நினைவை நம்பி வேலை செய்யக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்றிய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில், விலைப்புள்ளி பெறாமல் வாங்கும் வரம்பு 25,000 ரூபாயாக இருந்தது. அறிவியல் துறைகளைச் சார்ந்த ஆய்வு நிறுவனங்களுக்கு அது 2025 ஜூனில் 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் பார்த்தாக வேண்டும். எந்த விதியின்படி வாங்குகிறோம் என்பதைக் கோப்பின் குறிப்பிலேயே எழுதிவிடும் பழக்கம், பின்னாளில் தணிக்கைத் தடைகளுக்கு விளக்கம் எழுதும் வேலையைப் பெரிதும் குறைக்கும்.

பயிற்சியின் உயிர்நாடி, வந்த மானியம் எப்படிச் செலவானது என்று மானியம் தந்த அமைப்புக்குக் காட்டும் பயனீட்டுச் சான்றிதழ்தான். இதைச் சொற்பொழிவால் கற்பிக்க முடியாது. ஏற்கெனவே முடிந்து, தணிக்கையும் ஆகிவிட்ட ஒரு கோப்பை எடுங்கள். அதில் அனுப்பப்பட்ட சான்றிதழை மட்டும் உருவி உங்கள் மேசையில் வைத்துக்கொண்டு, செலவுச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், வந்து சேர்ந்த பொருள்களைக் குறிக்கும் இருப்புப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றைப் புதியவரிடம் கொடுத்து, அச்சான்றிதழுக்கான 12-ஏ படிவத்தை அவரே நிரப்பச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

எங்கே தவறுவார் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். தொடக்க இருப்பு 1,40,000 ரூபாய், ஆண்டில் வந்த தவணை 6,00,000, வட்டி 11,200, உண்மையில் செலவானது 5,25,000, கொள்முதல் ஆணை கொடுத்தும் பொருள் இன்னும் வந்து சேராதது 90,000. புதியவர் அந்தத் தொண்ணூறாயிரத்தையும் சேர்த்துச் செலவை 6,15,000 என்று எழுதுவார். அது செலவு அன்று, ஏற்கப்பட்ட பொறுப்பு. அதைத் தனியே காட்ட வேண்டும். வட்டியையும் அவர் இருப்பில் சேர்த்துவிடுவார். பொது நிதி விதி 230-இன்படி, கணக்கு இறுதியானதும் வட்டியை இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திருப்பிச் செலுத்தியாக வேண்டும். அதை ஒன்றிய அரசுக்குப் பணம் செலுத்துவதற்கான பாரத்கோஷ் இணையதளம் வழியாகச் செலுத்தி, ரசீதை இணைக்கலாம். ஆகவே சரியான இறுதி இருப்பு 2,15,000 ரூபாய். இந்த ஒரு கணக்கைத் தாமே தவறாகப் போட்டுத் திருத்திக்கொண்டவர், பிறகு அந்தத் தவற்றைச் செய்வதை நான் கண்டதில்லை.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் பார்த்த ஒரு கோப்பில், பிப்ரவரியில் ஆணை கொடுத்த கருவியின் விலை மார்ச் மாதச் செலவாகக் காட்டப்பட்டிருந்தது. இருப்புப் பதிவேட்டிலோ அக்கருவி மே மாதம்தான் ஏறியிருந்தது. மானியம் தந்த அமைப்பிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது; பதில் எழுதி, திருத்திய சான்றிதழில் பதிவாளரின் கையொப்பம் பெற்று அனுப்புவதற்குள் அடுத்த தவணை தள்ளிப்போனது. அத்திட்டத்தில் இருந்த இரண்டு இளநிலை ஆய்வாளர்களுக்கு ஏழு மாதம் உதவித்தொகை இல்லை. விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் அவர்களில் ஒருவர் ஆய்வையே விட்டுச் சென்றார். நம் மேசையில் இருக்கும் கோப்பு ஒருவருடைய சாப்பாட்டோடும் படிப்போடும் தொடர்புடையது என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே புதியவர் உணர வேண்டும். அதற்காக அவரை ஒரு நாளாவது ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று, கருவியையும் அதில் வேலை செய்பவரையும் நேரில் பார்க்கச் செய்யுங்கள்.

பி.எஃப்.எம்.எஸ். எனப்படும் ஒன்றிய அரசின் பொது நிதி மேலாண்மைத் தளத்தில் செலவைப் பதிவிடுவதை உடன் அமர்ந்து இரண்டு முறை காட்டினால் போதும். சான்றிதழை அனுப்ப நிதியாண்டு முடிந்து 12 மாத அவகாசத்தைப் பொது நிதி விதி 238 தருகிறது. ஆனால் அடுத்த தவணை அச்சான்றிதழைக் கண்டே விடுவிக்கப்படுவதால், ஏப்ரல் இறுதிக்குள் வரைவைத் தயாரித்து முதன்மை ஆய்வாளரிடம் கொடுத்துவிடுவதே என் வழக்கம்.

இவ்வாறு பழகியவரும் ஒரு நாள் மாறுதலாகிப் போவார். ஆகவே ஒவ்வொரு கோப்பிலும் நிலுவையில் உள்ள பணி, அடுத்த தவணைக்கான நிபந்தனை, பதில் எழுத வேண்டிய கடிதம் ஆகியவற்றை அவர் மாதந்தோறும் முகப்புக் குறிப்பின் பின்பக்கத்தில் எழுதித் தேதியிட வேண்டும். அவரைப் பணியிலிருந்து விடுவிக்கும் ஆணை வந்த நாளில் அவசரமாக எழுதப்படும் ஒப்படைப்புப் பட்டியலில் கோப்பு எண்கள் மட்டுமே இருக்கும்.