டென்னிஸில் இடையூறு விதி: புள்ளி யாருக்கு, மறு ஆட்டம் எப்போது?

பந்து வலையைத் தாண்டி உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. எதிரில் நிற்பவர் ஏதோ கத்துகிறார். உங்கள் கவனம் சிதறி, பந்து வலையில் போய் மோதுகிறது. நடுவர் இல்லாமல் ஆடுகிறவர்கள் இந்தப் புள்ளி யாருக்கு என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் 26-ஆவது விதி இதற்குச் சுருக்கமாக விடை சொல்கிறது: எதிராளி வேண்டுமென்றே செய்த செயலால் உங்கள் ஆட்டம் தடைபட்டால் புள்ளி உங்களுக்கு, அவர் தன்னை அறியாமல் செய்ததாலோ, உங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட வேறொன்றாலோ தடைபட்டால், அந்தப் புள்ளியை மீண்டும் ஆட வேண்டும்.

படி 1: தடை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

உங்களிடமிருந்தே வந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. உங்கள் தொப்பி பறந்தாலும், மட்டையின் நரம்பு அறுந்தாலும், உங்கள் பையிலிருந்தே பந்து விழுந்தாலும் நீங்கள் 'லெட்' (புள்ளியை மீண்டும் ஆடுவது) கேட்க முடியாது. புள்ளி தொடங்கும் முன்பே உங்கள் பக்கத்தில் கிடந்த பந்து காலில் இடறினாலும் அப்படித்தான். ஆகவே சர்வ் போடுவதற்கு முன் அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிடுங்கள். வேலி, இருக்கை போன்ற நிலையான பொருள்களும் இடையூறு ஆகா.

படி 2: வெளியிலிருந்து வந்ததா?

பக்கத்து ஆடுகளத்திலிருந்து பந்து உருண்டு வந்தாலோ, பறந்துகொண்டிருக்கும் பறவை மீது உங்கள் பந்து பட்டாலோ மறு ஆட்டம்தான். பலரும் மறந்துவிடும் ஒரு செய்தி இங்கே உண்டு: இரண்டாவது சர்வுக்குப் பின் பந்து ஆட்டத்தில் இருக்கும்போது இப்படி நேர்ந்தாலும், புள்ளி முழுவதும் மீண்டும் ஆடப்படுவதால், சர்வ் போடுபவருக்கு முதல் சர்வ் திரும்பக் கிடைக்கும்.

படி 3: எதிராளி என்றால், வேண்டுமென்றே செய்தாரா?

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்தச் சொல்லில்தான். 'வேண்டுமென்றே' என்றால் கெட்ட எண்ணத்தோடு என்று பொருளல்ல. செய்த செயலை அவர் செய்யவே நினைத்தாரா என்பதுதான் கேள்வி. அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் விளக்கம் இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் உயரத் தூக்கி அடித்த பந்து குறைவாகப் போய்விட, எதிரணியினர் அதை அடிக்கப்போகும் தறுவாயில் தன் துணையாட்டக்காரரிடம் 'பின்னால் போ' என்று கத்துகிறார். அவருக்கு யாரையும் குழப்பும் எண்ணம் இல்லை. ஆனாலும் கத்தியது அவராகச் செய்த செயல், எனவே அது எதிரணிக்கு இடையூறாக அமைந்தால் புள்ளியை இழக்கிறார். அதுவே குளவி கொட்டி அலறியிருந்தால், அது அவர் கையில் இல்லாதது, மறு ஆட்டம்.

2011 அமெரிக்க ஓப்பன் மகளிர் இறுதிப் போட்டியில் செரீனா வில்லியம்ஸ், தான் அடித்த பந்தை எதிராளி எட்டவே முடியாது என்று எண்ணி, புள்ளி முடியும் முன்பே 'கம் ஆன்' என்று கத்தினார். சமந்தா ஸ்டோசரோ அந்தப் பந்தை மட்டையால் தொட்டுவிட்டார். நடுவர் புள்ளியை ஸ்டோசருக்கு வழங்கினார். அது வெறும் உற்சாகக் கூச்சல்தான், ஆனால் விதி அதைப் பொருட்படுத்துவதில்லை.

உடலை அசைத்துப் போக்குக் காட்டுவது மட்டும் ஆட்டத்தின் பகுதி, அதில் தவறில்லை. கைகளையோ மட்டையையோ ஆட்டிக் கவனத்தைக் கலைப்பது அப்படியல்ல. இரட்டையர் ஆட்டத்தில், பந்து உங்கள் பக்கம் வரும்போது துணையாட்டக்காரரோடு பேசலாம். எதிரணியை நோக்கிப் போகும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள்.

படி 4: உடனே நிறுத்துங்கள்

இடையூறு என்று சொல்ல வேண்டியது அது நிகழ்ந்த அந்த நொடியில். பந்தை அடித்துப் பார்த்து, அது வெளியே விழுந்த பிறகு 'நீங்கள் பேசினீர்களே' என்றால் செல்லாது. அது இரண்டு வாய்ப்புகளை எடுத்துக்கொள்வதாகும், எனக்கு அது நேர்மையாகவும் படவில்லை. கோரிக்கையைச் சுருக்கமாக, 'இடையூறு' என்ற ஒரு சொல்லில் சொல்லிவிட்டு மட்டையைத் தாழ்த்துங்கள். காரணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

எதிராளிக்கு ஏதோ தடை ஏற்பட்டுவிட்டது என்று இரக்கப்பட்டு நீங்களாக ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். அவர் கேட்காதவரை அது இடையூறு ஆகாது, நிறுத்திய நீங்கள்தான் புள்ளியை இழப்பீர்கள்.