ஸ்டார்லைக் சார்பா? முதலில் கெழுக்களைக் கூட்டிப் பாருங்கள்

ஒரு கலப்பெண் சார்பு அலகு வட்டை (ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்ட, ஆரம் 1 உள்ள வட்டு) கொண்டுபோய்ச் சேர்க்கும் பகுதிதான் அதன் பிம்பம். அந்தப் பிம்பத்துக்குள் ஆதிப்புள்ளியில் ஒரு விளக்கை வைத்தால் எந்த மூலையிலும் நிழல் விழக்கூடாது. ஒன்றுக்கொன்றான சார்பு இப்படி இருந்தால் அது ஸ்டார்லைக். இதைச் சோதிக்க வழக்கம்போல் வகைக்கெழு எடுத்து மெய்ப்பகுதியோடு மல்லுக்கட்டும் முன் ஒரு குறுக்குவழி இருக்கிறது. சார்பின் அடுக்குத் தொடரில் மாறிலி இல்லை, முதல் கெழு (z-இன் கெழு) 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அடுக்கிலிருந்து ஒவ்வொரு கெழுவின் மட்டு மதிப்பையும் அதன் அடுக்கால் பெருக்கிக் கூட்டுங்கள். 1-ஐத் தாண்டாவிட்டால் சரி, ஸ்டார்லைக்தான்.

வரிசை ஆல்பா (ஸ்டார்லைக் நிபந்தனையின் இன்னும் கடுமையான வடிவம்; ஆல்பா 0 என்றால் சாதாரண ஸ்டார்லைக், 1-ஐ எட்டாது) கேட்டால், பெருக்கும் அடுக்கிலிருந்து ஆல்பாவைக் கழியுங்கள். வரம்பு 1 கழித்தல் ஆல்பா. z-உடன் இரண்டாம் அடுக்கு உறுப்பு மட்டும் சேர்ந்த சார்பில், ஆல்பா 0 என்றால் கெழு 1/2 வரை போகலாம். ஆல்பா 1/2 என்றால் 1/3 வரைதான்.

தாண்டிவிட்டால்? அவசரப்பட்டு ‘இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். பலரும் வழுக்குவது இங்கேதான். கோபே சார்பின், அதாவது z/(1−z)²-இன், கெழுக்கள் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும், கூட்டல் முடிவிலிக்கு ஓடும். ஆனாலும் அது ஸ்டார்லைக். முதல் கெழு தவிர மற்றவை எல்லாம் பூச்சியமோ குறை எண்ணோ என்றால் மறுதலையும் செல்லும், அதாவது தாண்டினால் ஸ்டார்லைக் இல்லை. இதை 1975-இல் கணிதவியலாளர் சில்வர்மன் காட்டினார்.